‘இம்மீடியட்லி’க்கும் ‘உடனே’க்கும் நடுவில்

1

இந்த வயதில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். சாத்தூரில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து சத்தமாகச் சிரிக்க வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நின்ற என் சரித்திரம் உங்களுக்கெல்லாம் தெரியும். அது இங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் வெளிநாட்டுக்கு வந்ததில் ஒரு லாபம்.

டார்பி நகரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சமூகக்கூடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் அங்கே ஆங்கில வகுப்பு. கடையிலும் பஸ்ஸிலும் சமாளிக்கிற அளவுக்குப் பேசத் தெரிந்து, அதற்கு மேல் இரண்டு வரி எழுதச் சொன்னால் கைப்பையில் பேனாவைத் தேடுவதுபோல் நேரம் கடத்துகிற என் போன்றவர்களுக்கான வகுப்பு. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வெங்காயம் வெட்டுகிற இடத்திலிருந்து மேற்பார்வை பார்க்கிற இடத்துக்கு நகர வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். என் மகள் கயல்தான் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, “போங்கம்மா, ஜாலியா இருக்கும்” என்று தள்ளிவிட்டாள்.

வகுப்பு எடுக்கிற மார்கரெட் அம்மாள் ஓய்வு பெற்ற டீச்சர். போன மாதம் அவர் எங்களுக்கு ஒரு வேலை வைத்தார். ஆளுக்கொரு வினையுரிச்சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன பொருள், எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள், எங்கிருந்து வந்தது, இந்த மூன்றையும் தேடிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். போலந்துக்காரர் ஒருவர், குழாய் வேலை செய்கிறவர், ‘ஆல்மோஸ்ட்’ என்றார். எந்த வீட்டில் கேட்டாலும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று அவர் சொல்வாராம், அதனால் அவருக்குப் பிடித்த சொல் அதுதானாம். என் பக்கத்தில் இருந்த சோமாலியாப் பெண் ‘ஆல்வேஸ்’ என்றாள். என் முறை வந்ததும் வாய் தானாக, “இம்மீடியட்லி” என்றது.

ஏன் அந்தச் சொல் என்று மார்கரெட் கேட்டார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த முதல் நீள ஆங்கிலச் சொல் அதுதான் என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் நான் அதைப் பற்றிப் பேசுவதற்குள், அந்தச் சொல் நேராக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

2

பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகிற வரைக்கும் நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். காலையில் சாத்தூரில் வேன் வந்து நிற்கும். எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பது குருவம்மா அக்கா.

அக்கா என் பெரியப்பா மகள். எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீடு, ஒரே உலை. நான் ஒற்றைப் பிள்ளை, அக்காவும் ஒற்றைப் பிள்ளை. எனக்குத் தலை சீவிவிட்டது, முதன்முதலில் சேலை கட்டிவிட்டது, நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையம் வரைக்கும் வந்து, உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் காவல்காரரிடம் சண்டைக்குப் போனது, எல்லாம் அக்காதான். மச்சான் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையில்லை. இன்றைக்கும் அதே கம்பெனி வேனில்தான் வேலைக்குப் போகிறாள்.

புஸ்வாணத்தை எங்கள் பக்கம் பூச்சட்டி என்போம். அந்தக் காலத்தில் பூச்சட்டிப் பெட்டியின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்திருக்கும். ‘லைட் த ஃபியூஸ் அண்ட் ரிட்டயர் இம்மீடியட்லி’. அக்கா எட்டாவதோடு நின்றவள். ஒருநாள் பெட்டியை மடித்துக்கொண்டே அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். நான் பன்னிரண்டாவது படித்த மேதாவியல்லவா, தயங்காமல் அர்த்தம் சொன்னேன்: திரியைப் பற்றவைத்த உடனே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட வேண்டும்.

அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அப்பிடீன்னா நம்ம போர்மேன் எத்தன வருசமா சாம்பிளு பத்த வைக்காரு, அவருக்கு ஏன் இன்னும் ஓய்வு குடுக்கல?” என்றாள். ஷெட்டு முழுக்கச் சிரித்தோம். போர்மேன் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்க, ஒருத்தியும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாராவது வேலைக்கு வராமல் மட்டம் போட்டால், ‘அவ இம்மீடியட்லி ஆயிட்டா’ என்பதுதான் எங்கள் செட்டுக்குள் பேச்சு. பற்றவைத்துவிட்டுத் தள்ளிப் போ என்பதற்குப் போய் ‘ரிட்டயர்’ என்று எழுதியவரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் எழுதியிருந்தால் ‘பத்த வச்சிட்டு ஓடியாந்துரு’ என்று முடித்திருப்பார்கள்.

3

பொருள் என்னவென்று எழுதும்போது அகராதி பார்த்து ‘உடனே’ என்று எழுதிவிட்டேன். பயன்பாடு என்ற இடத்தில்தான் சிக்கல்.

எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் தந்தியில் வந்த சொல். ‘ஸ்டார்ட் இம்மீடியட்லி’. உடம்பு சரியில்லை, உடனே கிளம்பு என்று அதற்கு அர்த்தம் எழுதலாம். ஆனால் எங்கள் வீடுகளில் அதை யாரும் அப்படி வாசித்ததில்லை. அந்தச் சொல் வந்தால் ஆள் போயாச்சு என்று அர்த்தம். தந்திக்காரர் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஒப்பாரி தொடங்கிவிடும். பரீட்சை முடிவைத் தந்தியில் அனுப்பிய ஒரு மாமா, ‘இம்மீடியட்லி கம்’ என்று சேர்த்துவிட்டதால், மருமகன் பாஸான செய்திக்கு ஒரு தெருவே அழுதிருக்கிறது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சமையலறையில் எனக்கு மேலே இருக்கிற ஷெரில் ஒருமுறை போனில் செய்தி அனுப்பினாள். வந்ததும் இம்மீடியட்லி என்னைப் பார். அவ்வளவுதான்.  ஊரிலிருந்து யாராவது பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்திருப்பார்களோ, கயலுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். தலைமுடிக்குப் போடுகிற வலைத் தொப்பி புது மாதிரி வந்திருக்கிறதாம். நீலம் வேண்டுமா வெள்ளை வேண்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளாம். நான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நீலம் என்றேன்.

இங்கே அந்தச் சொல்லுக்கு உயிர்ச்சேதம் கிடையாது. மின்சார பில்லிலும் இருக்கும், நூலகக் கடிதத்திலும் இருக்கும், நாய் காணவில்லை என்ற அறிவிப்பிலும் இருக்கும். இன்னொரு வேடிக்கை, வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அதை வைத்து, ‘இம்மீடியட்லி அவள் வந்தாள், மழை பிடித்துக்கொண்டது’ என்கிற மாதிரிகூட இந்த நாட்டில் எழுதுவார்களாம். வந்ததும் என்பதற்கு ஒரு எழுத்துகூட மிச்சம் பிடிக்காமல் இவ்வளவு பெரிய சொல்லா என்று நான் கேட்டதற்கு, மார்கரெட் வெகுநேரம் சிரித்தார்.

இதையெல்லாம் எழுதி முடித்து, எங்கிருந்து வந்தது என்ற கடைசிப் பகுதியைக் கயலிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அப்போதுதான் சாத்தூரிலிருந்து போன் வந்தது.

4

அக்கா வேலைக்குப் போகிற வழியில் வேனிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். கூட வந்த பெண்கள் வேனைத் திருப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருதயத்தில் அடைப்பு. அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக் கூடாது, உடனே செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பேசியபோது அக்கா தெளிவாகத்தான் இருந்தாள். லேசாகக் கிறுகிறுன்னு வந்தது, அம்புட்டுதான் என்றாள். தீபாவளி சீசன் நேரத்தில் ஆள் குறைந்தால் கம்பெனியில் லோடு நின்றுவிடும் என்று கவலைப்பட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் நெஞ்சு நிற்கப் போகிறதாம், நீ லோடைப் பற்றிப் பேசுகிறாய் என்று கத்தினேன். அவள் சிரித்தாள்.  அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“ஏய் ஜெயா, நீ கெளம்பி வா. நா கண்ண மூடுறப்பயும் முளிக்கிறப்பயும் நம்மாளு மொகம் ஒண்ணு தெரியணும். இல்லேன்னா நா அந்தக் கட்டில்ல ஏறமாட்டேன்.”

நான் இங்கே வந்து எத்தனையோ வருஷமாகிறது. இதுவரை அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஊருக்குப் போகும்போது என்ன வாங்கி வர என்று கேட்டால்கூட, ‘நீ வந்தாப் போதும், சோப்பு இங்கனயே கெடைக்கி’ என்பாள். அப்படிப்பட்டவள் கேட்டிருக்கிறாள். அதுவும் பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள். வேனில் கூட வந்த பெண்கள் முறை வைத்துத் துணைக்கு இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்களும் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு மதுரையில் உட்கார முடியும்? அக்கா பிடிவாதக்காரி. ஏற மாட்டேன் என்றால் ஏற மாட்டாள். அவள் ஏறவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை டாக்டர் எனக்குப் போனிலேயே சொல்லிவிட்டார்.

5

பள்ளிக்கூட வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. பிள்ளைகளுக்கு லீவு விட்டால்தான் நமக்கும் லீவு. நடுவில் போக வேண்டுமென்றால் ஆபீஸில் கேட்க வேண்டும். ஆபீஸில் இருக்கிற அம்மாள் நல்லவர், பிறந்தநாளுக்கெல்லாம் கேக் கொண்டுவந்து தருகிறவர். நான் போய் அழுததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டார். சிஸ்டர் என்றேன். அப்படியென்றால் போய்விட்டு வரலாம், ‘இம்மீடியட் ஃபேமிலி’க்கு ஒரு வாரம் தருவோம் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. அக்காவின் கதையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, பெரியப்பா, ஒரே வீடு, ஒரே உலை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டுவது நின்றது. அப்படியானால் உங்கள் இருவருக்கும் அப்பா அம்மா வேறு வேறா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓ, கஸின் என்றார். இல்லை, கஸின் சிஸ்டர் என்றேன். அப்படி ஒரு உறவு ஆங்கிலத்தில் இல்லையே அன்பே என்றார், மிகவும் மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல.

அவர்மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்திருக்கிற விதியில் இம்மீடியட் ஃபேமிலி என்றால் பெற்றோர், கணவன், பிள்ளை, உடன்பிறந்தவர், அவ்வளவுதான். கஸின் அதற்கு வெளியே. தலைமையாசிரியர் வரைக்கும் கேட்டுப் பார்த்தார், ஏற்கெனவே இருவர் விடுப்பில் இருப்பதால் முடியாது என்று வந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் வருகிற அரைப்பருவ விடுமுறையில் போகலாம், அதற்கு முன்னால் ஒரு நாள்கூடச் சேர்த்துத் தரலாம் என்றார். அதற்கு இன்னும் வாரக்கணக்கு இருந்தது. வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், நிதானமானவர். சிஸ்டர் என்பதோடு நிறுத்தியிருக்கலாமே, நம்ம ஊர்ல அதானே உண்மை என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

6

கயல் நாட்டிங்ஹாமில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் வேலை, எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாமாம். ஆசையாகக் கயல்விழி என்று வைத்த பெயரில் அவளுடைய சிநேகிதர்கள் மிச்சம் விட்டிருப்பது ‘கே’ என்ற ஓரெழுத்துதான். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். கடைசியாகச் சாத்தூருக்கு வந்தபோது ஆறாவதோ ஏழாவதோ படித்தாள். தீபாவளிக்குத் தீபாவளி போனை அவள் கையில் திணிப்பேன். “ஹாய் பெரியம்மா, ஹேப்பி தீபாவளி” என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் எறிந்துவிட்டு ஓடுவாள். அக்கா அதற்கே ஒரு வாரம் பூரித்துப்போய் வேனில் எல்லோரிடமும் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “டெக்னிக்கலி ஷீ இஸ் யுவர் கஸின்தானேம்மா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸ் அம்மாள் கஸின் என்றபோது வராத அழுகை இப்போது வந்தது. நான் அடுப்படிக்குள் போய் வெங்காயம் நறுக்கத் தொடங்கினேன். பெற்ற பிள்ளையே இப்படிச் சொன்னால் அந்த வெள்ளைக்கார அம்மாளை என்ன சொல்வது? இந்தப் பிள்ளையை நான்தான் இங்கே கொண்டுவந்து வளர்த்தேன், அப்புறம் அவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன், ஆறவில்லை.

கயல் சமாதானத்துக்கு வந்தாள். மேசைமேல் கிடந்த என் வீட்டுப்பாடத் தாளைப் பார்த்து, கடைசிப் பகுதியைத் தானே தேடித் தருகிறேன் என்று போனை எடுத்தாள். படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். லத்தீன் சொல்லாம். நடு என்று பொருள்படுகிற ஒரு சொல்லுக்கு முன்னால் ‘இல்லை’ என்பதைச் சேர்த்தால் வருவதாம். நடுவில் ஒன்றும் இல்லாமல், குறுக்கே யாரும் இல்லாமல் என்று அர்த்தம். முதலில் அதற்கு அவசரம் என்ற பொருளே கிடையாதாம். இரண்டுக்கும் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டியிருப்பதற்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடுதான் அது நேரத்துக்கும் வந்ததாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இவர்களுடைய கணக்குப்படி எங்கள் பெரியப்பா நிற்கிறார். பாவம் அந்த மனுஷர். உயிரோடு இருந்தவரைக்கும் எவர் வழியிலும் குறுக்கே நின்றதில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போவார், வருவார், ஒரு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார். செத்து இத்தனை வருஷம் கழித்து இங்கிலாந்து வரைக்கும் இழுத்து வந்து என்னையும் அக்காவையும் பிரிக்கிற சுவராக அவரை நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்ல அதுக்கு என்னம்மா என்று கயல் கேட்டாள். உடனே என்றேன். அது எங்கேயிருந்து வந்தது என்றாள். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. சொல்லிப் பார்த்தேன். உடனே. உடன். உடன்பிறந்தவள். உடன் என்றால் கூட, சேர்ந்து. நான் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். அவர்களுக்கு அந்த அவசரம் நடுவில் யாரும் இல்லாததிலிருந்து வருகிறது. நமக்குக் கூட ஒருத்தர் இருப்பதிலிருந்து வருகிறது. இது பண்டிதர்கள் ஒத்துக்கொள்கிற விளக்கமா என்று எனக்குத் தெரியாது. அடுப்படியில் நின்று நான் கண்டுபிடித்தது இது. கயலிடம் சொன்னேன்.  அக்கா தன் கூட ஒருத்தி வேணும்னுதானே கேட்டா, வேற என்ன கேட்டா என்றேன்.

கயல் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். அறிவுரை ஏதும் சொல்லப் போகிறாள், கவுன்சலிங் அது இது என்பாள் என்று நினைத்தேன்.

“நான் போறேம்மா,” என்றாள். “எனக்கு லேப்டாப் இருந்தாப் போதும். ஓசிஐ கார்டு எங்க வச்சிருக்கீங்க?”

நீ போய் என்ன செய்வாய், உனக்கு அவளோடு நாலு வார்த்தை பேசத் தெரியுமா, மதுரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் அதற்குள் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர், விசா இல்லாமல் இந்தியாவுக்குப் போக உதவுகிற அந்தக் கார்டை பீரோவிலிருந்து தேடி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். எங்கள் வீட்டில் ஒரு காரியம் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

7

அடுத்த இரண்டு நாளும் என் உயிர் போனில்தான் இருந்தது. மதுரையில் இறங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் செய்தி. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. அங்கே என்ன நடந்தது என்று கயல் பிற்பாடு சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வார்டுக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள், அதற்குக் கவுண்டரில் பாஸ் வாங்க வேண்டும். கயல் வரிசையில் நின்று, அக்கா பெயரைச் சொல்லியிருக்கிறாள். கவுண்டரில் இருந்த பெண், “பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டிருக்கிறாள். கயல் மரியாதையாக, “எனக்கு ஒண்ணும் வேணாம், தேங்க்ஸ்” என்றிருக்கிறாள்.

கவுண்டர் பெண் ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள். ஒண்ணும் வேணாம்னா அப்புறம் எதுக்கு வந்தீக என்று கேட்டிருக்கிறாள். ஓ, இங்கே ஏதாவது வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் போல என்று நினைத்து, எங்கள் வீட்டுச் சீமாட்டி, அப்படீன்னா ஒரு தண்ணி பாட்டில் என்றாளாம். பின்னால் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்திருக்கிறது. கடைசியில் பின்னால் நின்ற ஒரு அம்மா, “ஏத்தா, அவுக உனக்கு என்ன மொறைன்னு கேக்காக. அத்தையா, சித்தியா?” என்று விளக்கியிருக்கிறார்.

கயல் யோசித்திருக்கிறாள். அம்மாவின் கஸின் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடினாளாம். கிடைக்கவில்லையாம். கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று தமிழில் இல்லை. பெரியம்மா என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த அம்மா கவுண்டர் பக்கம் திரும்பி, பெறகென்ன, மகளுன்னு எளுதிக் குடுங்க என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாஸில் பெயருக்கு நேரே ‘உறவு: மகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த விதியும் பார்க்கவில்லை, அப்பா அம்மா யாரென்று கேட்கவில்லை. கயலுக்கு அது ஏதோ தப்பு நடந்ததுபோல இருந்ததாம். திருத்தச் சொல்லலாமா என்று எனக்குப் போன் செய்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போ என்றேன்.

உள்ளே போனதும் அக்காவுக்கு இவளை அடையாளமே தெரியவில்லை. ஏதோ புது நர்ஸ் என்று நினைத்து ஊசி போட வந்திருக்கீகளா என்று கையை நீட்டியிருக்கிறாள். இவள், “ஹாய் பெரியம்மா” என்றிருக்கிறாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வருஷா வருஷம் போனில் கேட்ட குரலல்லவா. அக்கா எழுந்து உட்கார முயற்சி செய்து, முடியாமல், அவள் கையைப் பிடித்து இழுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். கயலும் அழுதாளாம். அவள் அழுததைச் சொன்னபோது எனக்குத்தான் நம்ப முடியவில்லை, கடைசியாக அவள் எப்போது அழுதாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ. கயலுடைய தமிழுக்கு அக்கா ஆங்கிலம் கலந்து பதில் சொல்லியிருக்கிறாள். எல்லாம் ஆர்டர், சீசன், லோடு, ஸ்டாக் என்று கம்பெனி ஆங்கிலம்தான். உன் மக லேப்டாப்புல பாக்குற வேலையும் நம்ம பேக்கிங் மாதிரிதான், நேரத்துக்கு லோடு போயிரணும் என்று அக்கா அன்று ராத்திரி போனில் எனக்கு விளக்கம் சொன்னாள். மறுநாள் காலையில் டாக்டரிடம், எப்ப வேணும்னாலும் செய்யுங்க, எனக்கு ஆள் வந்துட்டாக என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

8

அறுவைச் சிகிச்சை நடந்த அன்று நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அடுப்புப் பக்கம் போன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஷெரில் என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் போனை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். அது அதிர்ந்தபோது எனக்குக் கையெல்லாம் மாவு. அவளே என் காதில் வைத்துப் பிடித்தாள். “முடிஞ்சதும்மா, நல்லா இருக்காங்க” என்று கயல் சொன்னாள். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத ஷெரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் அழ ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் போன பன் எல்லாம் கொஞ்சம் கல்லாகத்தான் இருந்திருக்கும்.

வகுப்பில் என் முறையும் அந்த வாரத்தில்தான் வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. அந்தச் சொல்லின் பொருளையும் தந்தியையும் சொல்லிவிட்டு, நடுவில் ஒன்றும் இல்லாமல் என்பதற்கும் கூடவே என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனை இடத்தில் தப்பு விட்டேன் என்று தெரியாது. சோமாலியாப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஊரிலும் பெரியப்பா மகள் அக்காதான் என்றாள்.

அக்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அவளோடு மறுபடி பேச முடிந்தது. கயல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. வாடிப்போயிருந்தாலும் தலையை நேர்வகிடு எடுத்துச் சீவி இறுக்கமாகப் பின்னிவிட்டிருந்தது. யார் சீவினார்கள் என்று கேட்டேன். கயலின் விரல் ஓரத்திலிருந்து நீண்டு தன்னைக் காட்டிக்கொண்டது.

எனக்கு அடக்க முடியவில்லை. நீ கேட்டும் என்னால் வர முடியவில்லையே அக்கா என்று அழுதேன். நாளைக்கே ஆபீஸில் மறுபடி கேட்கிறேன், சம்பளமில்லாவிட்டாலும் போகட்டும், உடனே கிளம்பி வந்துவிடுகிறேன் என்றேன்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். கண்ணை ஒருமுறை பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அளாத. எதுக்கு இப்பிடிப் பறக்க? பிள்ளைகளுக்கு லீவு விடட்டும், நீ மெதுவா வா. எம் மக இங்கனதான இருக்கா.”